இரவல் அட்டையில் பிறந்தவள்

பூவம்மாவைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. தங்கை பெற்ற பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாள் என்பது ஒன்று. வெள்ளைக்காரனிடம் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றுவிட்டாள் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்வது ஒரே வாய்கள்தான். விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் நின்று பேசும் அந்த வாய்களுக்கு முதல் பேச்சும் இரண்டாவதும் ஒட்டவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. நடந்தது எனக்குத் தெரியும். முதல் தப்பைச் செய்தவள் நான் என்பதால் நானே எழுதுகிறேன்.

பூவம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, பன்னிரண்டு கடைகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பவள். கணவர் தவசிமுத்து மணலியில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அப்போது பாய்லர் வேலையில் இருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கை வினிதாவுக்குத்தான் பிள்ளைகள். மூத்தவன் பாரிக்கு ஐந்து வயது, இரண்டாவது வயிற்றில் ஏழு மாதம் என்று இருந்தபோது, வினிதாவின் புருஷன் ஒரு நாள் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. செத்துவிடவில்லை. நெல்லூர் பக்கம் வேறொரு குடும்பத்தோடு நன்றாக இருக்கிறான்.

அப்போது நான், கம்பெனி கார்டு உள்ள குடும்பங்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. வினிதாவுக்கு முதல் பிரசவமே ஆபரேஷன். இந்த முறை ரத்தக்கொதிப்பு வேறு, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வேறு எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கார்டு இல்லாமலே சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் என் கண்ணெதிரில் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கு ஒரு திமிர்.

"தவசிமுத்து கார்டு கீதுல்ல? அத்த எடுத்துகினு வா. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணுதானே, யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்று பூவம்மாவிடம் சொன்னேன்.

தவசிமுத்து வேண்டாம் என்றார். பூவம்மா சண்டை போட்டு வாங்கிவந்தாள். வினிதா, "பூவம்மா, கணவர் பெயர் தவசிமுத்து" என்று சொல்லி வார்டில் சேர்ந்தாள். பெண் பிறந்தது. எழில்மொழி என்று பெயர் வைத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மா பூவம்மா, அப்பா தவசிமுத்து என்று வந்தது. "பேருதானே, அப்பால மாத்திக்கலாம்" என்றதும் நான்தான்.

அப்பால யாரும் மாற்றவில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி ஆதார் வாங்கினார்கள். ஆதாரைக் காட்டி ரேஷன் கார்டில் ஏற்றினார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வினிதா விவாகரத்து வாங்கியபோது பாரி தாயின் பொறுப்பில் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் எழில்மொழியின் பெயரே இல்லை. காகிதப்படி அவள் அந்த இருவருக்கும் பிறக்கவே இல்லை. அன்றைக்காவது யாராவது விழித்திருக்க வேண்டும். எவரும் விழிக்கவில்லை, நானும்தான்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்தபின் நான் முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனேன். படுக்கைப்புண் துடைப்பது, மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பது, வலிக்காமல் புரட்டிப் போடுவது. ஆறு மாதப் படிப்பு. வினிதாவையும் இழுத்துப்போனேன். அவள் கெட்டிக்காரி. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். எழில்மொழிக்கு அப்போது நான்கு வயது. ஐந்து வருடம் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை, காய்ச்சல், பரீட்சை, பேன் எல்லாம் பார்த்தது பூவம்மா. இருவரும் அவளைப் பெரிம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதை மாற்ற நினைக்கவே இல்லை என்பதைத் தெரு வாய்கள் குறித்துக்கொள்ளட்டும்.

அங்கே வினிதா டெக்லன் என்ற பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். மனைவியை இழந்தவன், நல்ல மனிதன். வீடியோவில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவான். எனக்கு அது போதும். பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம் என்று அவனே சொல்லி, இருவருக்கும் விசா கேட்டு எழுதினார்கள்.

ஜனவரியில் பதில் வந்தது. பாரிக்குக் கிடைத்தது. எழில்மொழிக்கு இல்லை. இந்தக் குழந்தையின் தாய் வேறொரு பெண் என்று உங்கள் சான்றிதழே சொல்கிறது, அப்புறம் எப்படி இவளை மகள் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பாரி தங்கையை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். பதினைந்து வயது, மீசை முளைக்கிற கோபம்.

"நீ அங்க போனாத்தான்டா அவளுக்கு வழி பொறக்கும். ஏறு வண்டில. அழுவற மூஞ்சிய இங்க வுட்டுட்டுப் போ" என்று பூவம்மாதான் தள்ளி ஏற்றினாள்.

ராயபுரத்தில் அனிஷா என்ற வக்கீலிடம் போனோம். சின்னப் பெண், காகிதத்தைப் படிக்கிறவள். சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தப் பொண்ணுக்கு அம்மா யாரு?"

"வினிதா" என்றோம்.

"அப்ப இதுல இருக்கற பூவம்மா?"

"நான்தான் கண்ணு" என்றாள் பூவம்மா.

அனிஷா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும் என்றாள். அது மட்டும் போதாது. "பேரு எப்படி மாறுச்சுன்னு மூணு பேரும் எழுதிக் குடுக்கணும். காரணம் இல்லாம ரிசல்ட்ட மட்டும் குடுத்தா, பிள்ளைய வாங்கினீங்களா, கடத்தினீங்களான்னு வேற மாதிரி கேப்பாங்க."

மூன்று பேர் என்றால் பூவம்மா, தவசிமுத்து, நான்.

தவசிமுத்து அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை. "கார்ட மாத்திக் குடுத்தேன்னு நானே எழுதிக் குடுத்தா கம்பெனி சும்மா வுடுமா? இன்னும் மூணு வருசம் கீது எனக்கு" என்றார். கெட்டவர் இல்லை. எழில்மொழிக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நாள் ஓடியது. பத்து நாள், இருபது நாள்.

வினிதா போனில் எகிறினாள். "நீ வச்சிக்கணும்னு பாக்கறியாக்கா? உண்மைய சொல்லு. உனக்கும் கொழந்த இல்ல..."

பூவம்மா போனைத் தரையில் வைத்துவிட்டு, மத்தி மீனை ஆய்வதைத் தொடர்ந்தாள். போனை நான் எடுத்தேன். "ஏய் வினிதா, ஒனக்கு வாயில இன்னா கீது? அஞ்சு வருசம் ஒம் புள்ளைக்கு மூக்கு சிந்திவுட்டவகிட்ட இப்படித்தான் கேப்பியா? வையி போன" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அழுதாள். அழட்டும் என்று வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தான். யார் சொல்லி வந்தான் என்று எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜாரு? பழச கிழிச்சிப் போடு. வூட்லயே பொறந்துச்சுன்னு புதுசா ஒண்ணு ரெடி பண்ணிக்கலாம். அம்மா பேரு வினிதா. முடிஞ்சுது மேட்டரு."

தவசிமுத்துவின் முகம் தெளிந்தது. உண்மையைச் சொன்னால் என் முகமும் தெளிந்தது.

பூவம்மா மாவு கரைத்த கையோடு வந்து நின்றாள். "எந்திரி."

"இன்னாம்மா, நல்லதுக்குத்தானே..."

"ஒரு பொய்க்கே அந்தப் பொண்ணு நடுவுல நிக்கிது. இன்னொண்ணு சொல்லி, நாளைக்கு அந்த ஊர்ல புடிச்சான்னா பாரியையும் சேத்துத் தொரத்துவான். எந்திரின்னு சொல்றேன்ல? டீ குடிச்ச டம்ளர அங்கயே வச்சிட்டுப் போ."

அவன் போனபின் புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மேல்முறையீட்டுக்குப் பதினோரு நாள் இருந்தபோது, காலையில் மாவு போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பழைய கார்டு. "ரமாக்கா, வா" என்றாள். எங்கே என்று ஷேர் ஆட்டோவில் ஏறியபிறகுதான் சொன்னாள். மணலிக்கு, தவசிமுத்துவின் கம்பெனிக்கு.

டேங்கர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நகர மறுத்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. நீயா திருடிகினு வந்தேன்னு சொல்லு. வேலை தப்பிக்கும்" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பர்சனல் ஆபீசர் இளைஞர், மரியாதையானவர். உட்கார நாற்காலி போட்டார். அவள் கார்டை மேசைமேல் வைத்து, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், சான்றிதழ் எல்லாம் நேராகச் சொன்னாள்.

"இத ஏம்மா எங்ககிட்ட வந்து சொல்றீங்க?"

"எழுதிக் குடுக்கப் போறோம் சார். நாளைக்கு வேற யாராச்சும் வந்து சொல்லி நீங்க தெரிஞ்சிக்க வோணாம். அவரு வோணாம்னாரு, நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். ஆனா தெரிஞ்சுதான் குடுத்தாரு. அதையும் எழுதிக்கங்க."

அவர் பேனாவை எடுக்கவே இல்லை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் கேட்காத மாதிரி இருக்க முடியாதும்மா" என்றார்.

"இருக்க வோணாம் சார்" என்று எழுந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தவசிமுத்து போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "என்ன ஒரு வார்த்த கேட்டியாடீ? இருபத்தாறு வருசம்டீ!" என்றார். ஏழு நாள் அவர் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தார். "இனிமே புடிச்சிகினு இருக்க இன்னா கீது? எங்க அந்தப் பேப்பரு? பேனாவக் குடு" என்றார்.

நானும் கையெழுத்துப் போட்டேன். நான் ஒப்பந்தத்தில் இருந்த ஆயா, பென்ஷன்கூடக் கிடையாது. என்னிடமிருந்து பிடுங்க எதுவும் இல்லை. யோசனை சொன்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேண்டாம் என்று சொன்னவருக்கு வேலை போனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழில்மொழியின் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டுத் தடவி எடுத்தார்கள். அங்கே வினிதாவுக்கும் எடுத்தார்கள். அந்த முடிவை வைத்து, எழில்மொழியின் அம்மா வினிதாதான் என்று அனிஷா கோர்ட்டில் உத்தரவும் வாங்கினாள். ஆகஸ்டில் விசா வந்தது. கம்பெனி விசாரணை முடிந்து, தாமாகவே விலகுவதாக தவசிமுத்து எழுதிக்கொடுத்ததும் ஆகஸ்டில்தான். இப்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன்.

செப்டம்பரில் வினிதா வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். கிளம்பும் நாள் விமான நிலையத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு, "உன்னையும் மாமாவையும் அங்க கூப்ட்டுக்கறேன்க்கா" என்று அழுதாள்.

"எந்தக் கட்டத்துலடீ எழுதுவ? புருசன், பொண்டாட்டி, புள்ள. அக்கான்னு ஒரு கட்டம் கீதா அந்தப் பாரத்துல? போ. புள்ளைக்குப் பசிக்கும், உள்ள போய் எதனா வாங்கிக் குடு" என்றாள் பூவம்மா.

எழில்மொழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தாள். பூவம்மா கையைக்கூட ஆட்டவில்லை. போ, போ என்று தாடையால் காட்டினாள்.

போன வாரம் ரேஷன் கார்டில் பெயர் நீக்க இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தலை தூக்காமல், "மகள் எழில்மொழி. எங்க போயிட்டாங்க? கல்யாணமா?" என்று கேட்டாள்.

"அவ அம்மாகிட்ட போய்ட்டா" என்றாள் பூவம்மா.

அந்தப் பெண் இப்போது தலையைத் தூக்கினாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அதில் அம்மா என்ற இடத்தில் இருந்த பெயரும் எதிரில் இருந்தவள் நீட்டிய ஆதாரில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்தன. பூவம்மா அந்தக் கோர்ட்டு உத்தரவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வெளியே வந்து நாலடி நடந்திருப்போம். நின்றாள். பத்து வருடமாக என்னை ஒரு சொல் சொல்லாதவள், ஆட்டோக்காரர்களும் பழக்கடைக்காரரும் பார்க்க, நடுரோட்டில் ஆரம்பித்தாள்.

"ஒனக்கு யாரு சொன்னாக்கா? அந்தக் கார்ட எடுத்துகினு வான்னு யாரு கேட்டா ஒன்ன? பெரிய டாக்டரம்மா! அப்பால மாத்திக்கலாமாம்! என் புருசன் வெயில்ல குந்திகினு கேட்டு தொறக்குறாரு. என் வூட்ல நாலு தட்டு ரெண்டாப் போச்சு. மாத்திக் குடு இப்ப! மாத்துடீ!"

அக்கா போய் டீ ஆகிவிட்டது. இந்தத் திட்டு பத்து வருடத்துக்கு முன்பே வர வேண்டியது. முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.

அவள் மூச்சு வாங்கி நிறுத்தினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நவுரு, மாவுக்கு உளுந்து வாங்கணும்" என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பையைப் பிடித்துக்கொண்டேன்.