முதல் வரியில் ஒரு சுழி

உலகத்தார் பலர் கூடி எழுதி இலவசமாகக் கொடுத்த ஒரு மென்பொருளுக்கு என் பங்களிப்பாக நானும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதில் இருந்தது ஒரேயோர் இலக்கம். அப்போது எனக்கு வயது ஒன்பது.

பெல்மதுளைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிளாக்கர். அம்மாவின் தம்பி, அதாவது மாமா, எங்கள் வீட்டில்தான் இருந்தார். கொழும்பில் ஒரு கூட்டாளி அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. டவுனில் ஃபோட்டோகொப்பிக் கடை வைத்திருந்த முதலாளியிடம் பேசினாள். கடைக் கணினியில் தமிழ் எழுத்தை வரவைத்தால் மாமாவுக்கு அங்கேயே வேலை. வராவிட்டால் கொழும்புக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. முதலாளி கணினியையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை வரை தவணை.

தமிழ் எழுத்தைத் தரும் மென்பொருள், மூலநிரலாக ஒரு குறுவட்டில் இருந்தது. ஊறப்போடாத அரிசி மாதிரி. நாமே ஆக்கி இறக்க வேண்டும். தொடங்குமுன் கணினி தன்னிடம் என்னென்ன சாமான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லும். இருக்கு, இருக்கு, இருக்கு, இல்லை. ‘இல்லை’ வந்ததும் கூட்டுறவுக் கடை மனேஜரைப்போல் கதவைச் சாத்திக்கொள்ளும். திரையில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே போகும்; யன்னலில் மழை மேலிருந்து கீழே வரும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் வீடு மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். நான் மூன்று நாள் மிதந்தேன்.

“அந்தப் பொட்டியையே பாத்துக்கிட்டு இருக்கியே, அது ஒன்னய ஒரு தடவையாச்சும் பாத்துச்சா?” என்றாள் அம்மா, மாமாவிடம்.

“ஒரே ஒரு சாமான்தான்க்கா. உள்ளதான் இருக்கு. எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல.”

“ஒங்க மச்சான் மாதிரின்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை பகல், அந்தச் சாமான் இருக்கும் இடத்தைக் குறிப்பதற்காக மாமா ஒரு கோப்பைத் திறந்தார். எதை எதோடு எந்த வரிசையில் சேர்ப்பது என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பு அது. பாதியில் விட்டுவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கப் போனார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். தலையில் பிள்ளையார் சுழி இல்லை. சீனி, பருப்பு என்று எழுதும் துண்டுச்சீட்டுக்குக்கூடச் சுழி போடாமல் அம்மா விடமாட்டாள். மூன்று நாள் தோல்விக்கும் காரணம் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆனால் அந்த விசைப்பலகையில் சுழிக்கு எங்கே போவது? அதன் சாயலில் 2 இருந்தது. முதல் வரியில் அதைப் போட்டு, மற்றதையெல்லாம் ஒரு வரி கீழே தள்ளிவிட்டுக் கும்பிட்டேன்.

மாமா வந்து அடியில் எழுத வேண்டியதை எழுதிச் சேமித்தார். கட்டளையைக் கொடுத்தார். கணினி ஓரடிகூட நகரவில்லை. முதல் வரியில் பிழை, நிறுத்திவிட்டேன் என்றது. மாமா கோப்பின் தலைக்குப் போனார். அங்கே 2 தனியாக நின்றது.

“நீயாடா போட்ட?”

“புள்ளையார் சுழி, மாமா.”

அவர் திட்டவில்லை. அழிக்கும் விசையின்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை எடுத்தார். கணினியை அணைத்தார்.

“அக்கா, சரிவரல.”

குசினியிலிருந்து அம்மா கேட்டாள், “கடைசியா ஒருக்கா பாரேன்டா, தம்பி.”

“பாத்துட்டேன்க்கா.”

நான் உருகிப்போனேன். வேலை போனாலும் போகட்டும், பிள்ளையாரை அழிக்கமாட்டேன் என்று இருந்துவிட்டாரே! இப்படியொரு பக்திமான் நம் வீட்டில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ் வந்தது. “நகின்ன, நகின்ன” என்று சிங்களத்தில் ஏறச்சொல்லிக் கொண்டக்டர் கத்தி முடிப்பதற்குள் மாமா ஏறிவிட்டார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மாமா யன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி இரண்டு கைகளையும் ஆட்டினார். தூறல் முகத்தில் அடித்தும், வளைவு வரும்வரை உள்ளே போகவில்லை. பாவம், அழுவது யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் மழையில் முகத்தை நனைக்கிறார் என்று எண்ணி, அவருக்கும் சேர்த்து நான் அழுதேன்.