சாகிறவன் கத்த வேண்டும்

எண்சோதிடம் என்பது சோம்பேறிகளின் கணிதம் என்று மாணவர்கள் முன்னால் மைக் சூடாகும்வரை முழங்கி, கைதட்டல் வாங்கி, அங்கிருந்து நேராக டவுனுக்குப் பஸ் ஏறி, எட்டு என்ற எண்ணுக்குப் பயந்து ஒரு கணினியை ஊமையாகவே விட்டுவிட்டு வந்தவன் நான். ஒரு நாள் அல்ல, ஒரு கோடை முழுக்க. பயந்தது எட்டுக்கு அல்ல, எட்டுக்குப் பயந்த ஒரு மனிதருக்கு என்று மனைவியிடம் நுணுக்கமாக விளக்கிப் பார்த்தேன். "பயந்தியள்லா? அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு உளுந்தைக் களையப் போய்விட்டாள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஓய்வறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை பிறந்தால் அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மெதுவாக வேகும் ஓசையைக் கேட்கலாம். எனக்கு வேர்க்குரு வருகிற உடம்பு. முதுகு முழுக்கச் சிவந்து, பெஞ்சில் சாய முடியாமல், காவல் நிலையத்துக்குப் போய்வந்தவன் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பேன். இரவில் மனைவி என் முதுகில் பவுடர் போடுவாள். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதை விடக் கொஞ்சம் குறைவான அக்கறையோடு.

அப்போதுதான் கல்லூரிக்குக் கணினி அறை வருகிறது என்ற செய்தி வந்தது. அறைக்கு ஏசி உண்டு. கணினிகளுக்கு வேர்த்தால் கெட்டுவிடும் அல்லவா? வாத்தியார்கள் ஏற்கெனவே கெட்டவர்கள், அவர்களுக்கு வேர்க்கலாம். அந்தக் காலத்துத் திருநெல்வேலியில் ஏசியில் படுக்க வேண்டுமென்றால் ஒன்று பெரிய லாட்ஜுக்குப் போக வேண்டும், அல்லது பிணவறைக்கு. இரண்டுக்கும் எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. ஆனால் அந்த அறைக்கு ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும், அவர் பகல் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். நான் வண்ணார்பேட்டையில் மாலை வகுப்பில் கணினிப் பட்டயம் வாங்கியவன். அந்த நாற்காலி எனக்காகவே செய்யப்பட்டது என்று நம்பினேன். இரவில் கண்ணை மூடினால் அந்த அறையின் குளிர் என் முதுகில் வந்து தடவிவிட்டுப் போகும். காதலித்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

போட்டிக்கு ஒருவர்தான். வேதியியல்காரர். மெலிந்த, மென்மையான மனிதர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதை அணைத்துவிட்டு மறுபடி போடலாம் என்பது மட்டும்தான்.

முடிவெடுக்க வேண்டியவர் கல்லூரிச் செயலர். அரிசி ஆலை முதலாளி. ஊருக்கே அவர் அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, மூன்று வேளையும் சைவம், முட்டை சேர்த்த பிஸ்கட்டைத் தொட்டுவிட்டால் கையைக் கழுவிவிட்டு வருகிற ஆசாரம். வெளிநாட்டிலிருந்த மகன் விடுமுறைக்கு வந்தபோது அவருக்கு ஒரு புதுக் கணினி வாங்கி வைத்து, தன்னுடைய பழைய ஆட்டம் ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். குகைக்குள்ளே நடந்து போக வேண்டும். எதிரே வருகிறவனை எல்லாம் சுட வேண்டும். அவ்வளவுதான் கதை. முன்பு வெளிநாட்டுக்குப் போய் மகன் வீட்டில் தங்கியிருந்த நாட்களிலேயே அண்ணாச்சி அதில் கை தேர்ந்திருந்தார். இங்கே புதுக் கணினியில் ஒரு குறை. படம் வந்தது, சத்தம் வரவில்லை.

எங்கள் இருவரையும் டவுனில் இருந்த தன் வீட்டுக்கு வரச்சொன்னார். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். வைரஸ் வந்துவிடுமாம். கணினிக்கு வெல்வெட் உறை, நெற்றியில் சந்தனம், குங்குமம். உறையை எடுத்து ஒருவனைச் சுட்டுக் காட்டினார். அவன் வாயைத் திறந்தான், விழுந்தான்.

"பாத்தீரா வே? வாயத் தொறக்கான், சத்தத்தக் காணும். சாவுதவன் கத்தணும்லா? கத்தாம செத்தா என்ன ருசி இருக்கு? மவன் வீட்டுல என்னா கத்து கத்துவான் தெரியுமா. தெருவே திரும்பிப் பாக்கும்" என்றார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

பிறகு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு அறிவித்தார்: "ஒங்க ரெண்டு பேருல எவரு அவனக் கத்த வைக்கீயளோ, அவருக்கு அந்தக் குளிரு ரூமு."

விஷயம் இதுதான். அந்தப் பழைய ஆட்டத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழைய ஒலி அட்டை. புதுக் கணினியில் இருந்ததோ மலிவான புது அட்டை. புதியது, தானே பழையது என்று வேஷம் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேஷத்தை ஆட்டம் நம்ப வேண்டுமானால் மூன்று எண்களைச் சரியாகச் சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்குப் புரியும்படி அவர் ஆலையை வைத்தே சொன்னேன். முதல் எண் ஆலையின் முகவரி. இரண்டாவது, லாரி வந்தால் எந்த மணியை அடிப்பது. மூன்றாவது, மூட்டையை எந்த வாசலில் இறக்குவது.

"முகவரி எப்பவும் எரநூத்தி இருபதுதான் அண்ணாச்சி, அத விடுங்க. மத்த ரெண்டத்தான் மாத்திப் பாக்கணும்" என்றேன். சுருக்கமாகச் சொன்னதாக ஒரு திருப்தி. என் வாழ்நாளில் நான் செய்த ஆகப் பெரிய மடத்தனம் அந்தச் சுருக்கம்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன நம்பரு போடப் போறீரு?"

விண்டோஸின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அட்டை தன் எண்களைப் பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. மணி ஏழு. வாசல் ஒன்று.

"ஏழு, ஒண்ணு."

அவர் விரலை மடக்கினார். மடக்கிய விரலோடு என்னைப் பார்த்தார். "கூட்டும்."

நான் கூட்டினேன். அந்த வீட்டில் எட்டு என்றால் சனி. கார் எண், தொலைபேசி எண், பேத்தியின் பெயர் எழுத்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் அவர் உள்ளே விட்டிருந்தார். எட்டாம் தேதி சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டார். எட்டாம் நம்பர் பஸ் வந்தால் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவார் என்றுகூடப் பேச்சு உண்டு.

"வேற போடுவோம் அண்ணாச்சி. நெறைய நம்பரு இருக்கு" என்றேன். ஒரு பகுத்தறிவாளனின் முழு உருவத்தையும் அந்த நேரத்தில் அங்கே பார்த்திருக்கலாம்.

ஐந்தும் ஒன்றும் போட்டேன். ஊமை. ஏழும் மூன்றும் போட்டேன். கணினி உறைந்தது. அட்டையையே வேறு எண்ணுக்கு நகர்த்தப் பார்த்தேன். அது அந்த இரண்டைத் தவிர வேறெதற்கும் மசியாத மலிவு ரகம். சரியான விடை கண்ணெதிரே இருக்கத் தவறான விடைகளாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். என் மாணவர்கள்கூட அப்படிச் செய்ததில்லை. அவர்களுக்கு விடை தெரியாது.

இப்படியே கோடை விடுமுறை கரைந்தது. மத்தியான வெயிலில் போவேன். அண்ணாச்சி சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். வேதியியல்காரரும் கூடவே வருவார். நான் வெறுங்கையோடு போகக் கூடாது என்று கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கிப் போனேன். மறுநாள் அவர் உடன்குடிக் கருப்பட்டியோடு வந்தார். நான் வேர்த்து வழிந்து எண்களை மாற்றிக்கொண்டிருக்கும்போது அவர் ஓலை விசிறியால் அண்ணாச்சிக்கு வீசுவார். காற்றின் ஒரு துணுக்குகூட என் பக்கம் வராதபடி வீசுவதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும்.

"என்னவே, வரலாறு இன்னும் பேச மாட்டேங்குதா?" என்பார் அண்ணாச்சி.

"சார் பைய பாக்கட்டும் அண்ணாச்சி. படிச்ச படிப்பு அப்படி. ஞாவகத்துக்கு வரணும்லா" என்பார் வேதியியல்காரர், மிகுந்த பரிவோடு.

அண்ணாச்சி சிரிப்பார். வெற்றிலைச் சாறு கன்னத்தில் வழியும். அப்போது எனக்கு ஒன்று தெரிந்தது. ஆட்டத்தில் கத்தாதவனுக்குப் பதிலாக என்னை வைத்துத்தான் அவர் அந்தக் கோடையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். தெரிந்தும் மறுநாள் போனேன். முதுகு அரித்தது.

கல்லூரி திறக்கச் சில நாட்கள் இருந்தபோது, அண்ணாச்சி குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில், நான் துணிந்தேன். வேதியியல்காரர் பக்கத்தில் இருந்தார். "போடும் வே, நான் என்ன சொல்லவா போறேன்" என்றார். ஏழு. ஒன்று. ஆட்டத்தைத் தொடங்கினேன். முதலில் வந்தவனைச் சுட்டேன்.

அவன் கத்தினான். ஒலிபெருக்கியின் திருகை யாரோ கடைசிவரை திருப்பி வைத்திருந்தார்கள். குடலை உருவுகிற மாதிரி ஒரு அலறல். அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது. தெருவில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். சரியாக அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் கார் வந்து நின்றது. ஈர வேட்டியோடு ஓடி வந்தார். என்னை நாற்காலியிலிருந்து ஏறக்குறையத் தள்ளிவிட்டு உட்கார்ந்து சுட்டார். ஒருவன் கத்தினான். இன்னொருவன் கத்தினான். தாமிரபரணித் தண்ணீர் அவர் தலையிலிருந்து விசைப்பலகையில் சொட்டியது. அத்தனை சந்தோஷமான ஒரு முகத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

"சாதிச்சுட்டீரு வே! ரூமு ஒமக்குத்தான்" என்றார்.

என் முதுகில் குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது.

வேதியியல்காரர் விசிறியைக் கீழே வைத்தார். "சாருக்கு நல்ல மூளை அண்ணாச்சி. என்ன நம்பரு போட்டாருன்னு கேட்டியளா?"

"அஞ்சு, ஒண்ணு" என்றேன்.

"அது மொத நாளே போட்டுப் பாத்ததுல்லா? அப்ப கத்தலையே" என்றார், நிஜமாகவே குழம்பினவர் போல.

அண்ணாச்சி சுடுவதை நிறுத்தினார். "காட்டும்" என்றார். காட்டினேன். விரலை மடக்கினார். திரையில் ஒருவன் வந்து அவரைச் சுட்டுக்கொண்டே இருந்தான், அவர் கவனிக்கவில்லை.

"என் வீட்டுக்குள்ள சனியக் கூட்டியாந்து உக்கார வச்சுட்டீரு. எடும்."

"அண்ணாச்சி, இது வெறும்..."

"எடும்ங்கேன்!"

கோடை முழுக்கப் பாடுபட்டு வரவழைத்த சத்தத்தை என் கையாலேயே அழித்தேன். ஐந்து, ஒன்று. குகை ஊமையானது. வேதியியல்காரர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று சாயந்திரம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஊரே வாசலுக்கு வந்து நின்று நனைந்தது. என் வேர்க்குருகூட அடங்கியது. அண்ணாச்சியின் ஆலைக்களத்தில் அவித்துக் காயப்போட்டிருந்த நெல் மட்டும் மொத்தமாக ஊறிப்போனது. எட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது என்று செய்தி ரதவீதி முழுக்கப் பரவியது. மறுநாள் எனக்கு உத்தரவு வந்தது: சாத்தான்குளத்துக்கு அந்தப்பக்கம் மாணவர் சேவை முகாம், பொறுப்பு வரலாற்றுத் துறை. பனை மரத்தைத் தவிர வேறு நிழல் இல்லாத செம்மண் பூமி. பனை மரத்தின் நிழல் எவ்வளவு அகலம் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் பக்கவாட்டில் நின்றுதான் நான் கருவேலஞ்செடி வெட்டுவதை மேற்பார்வை பார்த்தேன்.

திரும்பி வந்தபோது கணினி அறை திறந்திருந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வேதியியல்காரர் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையசைத்தார். உள்ளே கூப்பிடவில்லை. குளிர் வெளியே போய்விடும் அல்லவா?

மன்னிப்புக் கேட்டால் ஏதாவது ஆகும் என்று அப்பளத்தோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே அலறல் கேட்டது. ஒருவன் அல்ல, வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"நம்ம கெமிஸ்ட்ரி சாரு வந்து சரி பண்ணிட்டாருவே. என்ன மூளைங்கீரு. முன்னால எரநூத்தி இருபதுன்னு ஒண்ணு இருக்காமே? அதயும் சேத்துத்தான் கூட்டணுமாம். ரெண்டும் ரெண்டும் நாலு, ஏழும் ஒண்ணும் எட்டு, ஆகப் பன்னெண்டு. ஒண்ணும் ரெண்டும் மூணு. குருவே, குரு! மூணு நாளா வீடு கலகலன்னு இருக்கு."

நான் சொன்னேன்: "அண்ணாச்சி, நான் போட்டதும் அதே நம்பருதான். அதே எரநூத்தி இருபது, அதே ஏழு, அதே ஒண்ணு."

அண்ணாச்சி ஒருவனைச் சுட்டார். அவன் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"நீரு போட்டது எட்டு வே. அவரு போட்டது மூணு. அப்பளத்த அங்கன வச்சுட்டு, கதவப் பைய சாத்திட்டுப் போரும்."