டைட்டானிக்கும் அண்ணாச்சியின் எண்ணெய்க் குளியலும்

காலை ஏழு மணிக்குத் தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். முகத்தில் சாரல் அடித்தது. குற்றாலத்துக்கு ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்கள். கூட வந்தவர் என் சகலை தானியேல் அண்ணாச்சி, புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர். மறுநாள் சர்ச்சில் வாலிபர்களுக்கு டைட்டானிக் பற்றிப் பேசப்போகிறார். அந்தப் பேச்சிலிருந்து ஒரு பொய்யைப் பிடுங்காமல் ஊர் திரும்புவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தேன்.

ஆட்டோ மேலகரம் தாண்டுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

“‘கடவுளே நெனச்சாலும் இந்தக் கப்பல முக்க முடியாது’ன்னு கேப்டன் சொன்னாம்லா? அதான் கர்த்தர் முக்கிட்டாரு,” என்றார்.

“அவரு சொன்னதுக்கு உருப்படியான சாட்சியே கெடையாது அண்ணாச்சி. ஆயிரத்தைந்நூறு பேரு செத்தாங்க. அதுல பச்சப் பிள்ளைகளும் உண்டு. அதுகளும் திமிரு பிடிச்சா செத்துச்சு?”

“பின்ன எப்படிச் செத்தாங்க?”

“பனிப்பாறை கெடக்குன்னு மத்த கப்பல்காரங்க முன்கூட்டியே சொல்லியாச்சு. வேகத்தக் குறைக்கல. படகும் எல்லாருக்கும் பத்தாது. அதுலயும் முதல்ல எறங்குன படகுக பாதி காலி. வெளிய குளிரு, உள்ள கதகதப்பு. ஜனங்களுக்குக் கெளம்ப மனசு வரல.”

“இதச் சொன்னா பயலுவ தூங்கிருவானுவ, தம்பி.”

எனக்கு எரிச்சலாக வந்தது.

பேரருவிக்கு முன்னால் அண்ணாச்சி உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டார். குற்றாலம் வந்து அது இல்லாமல் குளித்தால் அவருக்குக் குளித்த மாதிரியே இருக்காது. அருவிக்குள் நின்று ஐந்து நிமிடம் இருக்காது, போலீஸ்காரர் விசிலடித்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார். மலைமேல் மழை. அண்ணாச்சி அசையவில்லை.

“எண்ணெ இன்னும் போகல தம்பி. இந்த மேலோட பஸ்ல எப்படி ஏற? ரெண்டு நிமிசம்!”

எண்ணெய் மினுங்க நின்ற இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். அவர் கையைப் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. அவிழ்ந்தாலும் அவிழட்டும் என்று இடுப்புத் துண்டைப் பற்றி, “படகு கெளம்புது அண்ணாச்சி, வாங்க!” என்று கத்தி இழுத்தேன். திட்டிக்கொண்டே வந்தார். மற்றவர்களையும் போலீஸ்காரர்கள் விரட்டி வெளியேற்றினார்கள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவை மூடிக்கொண்டு செந்தண்ணீர் கொட்டியது.

திரும்பும் வழியில், அண்ணாச்சி மேலகரம் வரை அந்தப் பிசுக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, “நாளைக்கு அந்த கேப்டன் கத வேண்டாம்,” என்றார்.

“வேற என்ன பேசுவீங்க?”

“எண்ணெ போகலன்னு நின்னேன்லா, அதச் சொல்லுதேன். அந்தக் கப்பல்ல இருந்தவங்களும் என்னய மாதிரி ஆளுகதான்.”

ஜெயித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் உள்ளங்கையில் அந்த எண்ணெய் வாசம் போகவில்லை. இரண்டாம் முறை அவர் கை நழுவியதை நினைத்தால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.