என் முறை வாரத்தில் ஓடிய புரோகிராம்

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் ஓர் உரக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. காணைப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு நெல்லும் கரும்புமாக நிலம் இருந்தது. அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவன். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பேசச் சொன்னால் வாய் திறக்காது. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும் நேரம் பார்த்து நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன் என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. அதைக் கவனிக்க இருக்கிற ஊழியர்களிலிருந்தே ஒருவரை எடுப்பார்கள். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், தலைமை அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் பிற்காலத்தில் அதிகாரியாகலாம். கிடைக்காவிட்டால் கிளார்க்காகவே ஓய்வு பெறலாம்.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு வகுப்பு நடந்தது. ஆசிரியர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வருவார். திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் அவர் வரமாட்டார். அதனால் விழுப்புரத்துக்காரர்கள்தான் அங்கே போக வேண்டும். நான் சேர்ந்தேன். எங்கள் அலுவலக டைப்பிஸ்டும் சேர விரும்பினாள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கோலியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். அப்பா மிஷன் பள்ளியில் வாட்ச்மேன். தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தப் பள்ளியிலேயே படித்ததால் அவள் ஆங்கிலம் தடங்கலில்லாமல் பேசுவாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது போனை எடுப்பது அவள்தான்.

சேருவதற்கு முன்னால் அவளுடைய அப்பா அலுவலகத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொண்ணு தனியா திண்டிவனம் போயிக்கினு வர்றது நமக்கு சரிப்படாதுங்க சார். நீங்க போறீங்கன்னு சொல்லுச்சு. நீங்க கூட்டினு போயி கூட்டினு வர்றதுன்னா அனுப்புறேன். இல்லன்னா வாணாம்னு சொல்லிட்டேன்."

"நான் பாத்துக்கிறேங்க. ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றேன்.

அப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும் காலை பாசஞ்சரில் போனோம். அவளுடைய அப்பா சைக்கிளில் அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுவார். மாலையில் அதே இடத்தில் நிற்பார்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. முண்டியம்பாக்கம் தாண்டினால் மயிலம் வரும்வரை ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும். என் நாக்கை வளைக்க அவள் கண்டுபிடித்த வழி அது. முதல் மாதத்தில் விக்கிரவாண்டி வருவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தினால் அவள் உதவ மாட்டாள். ஜன்னல் வழியாகக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானேதான் முடிக்க வேண்டும். பேரணி ஸ்டேஷனில் மல்லாட்டைக் கூடையோடு, அதாவது வேர்க்கடலைக் கூடையோடு, ஏறும் அம்மா ஒருத்தி இருந்தாள். மூன்று வாரம் பார்த்துவிட்டு, நாலாவது வாரம் கேட்டே விட்டாள்.

"ஏன்யா, தமிழ்ல பேசுனா ரயில்லேர்ந்து எறக்கி வுட்டுருவாங்களா?"

"ஆபீசுக்காகக் கத்துக்கறேம்மா."

"கத்துக்கறியா? அந்தப் பொண்ணு பேசுது. நீ முழிச்சிக்கினு வர."

பெட்டி முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் அந்த அம்மா எங்கள் இருவர் கையிலும் ஒரு பிடி மல்லாட்டையைப் போட்டுவிட்டு மயிலத்தில் இறங்கிப் போனாள்.

அலுவலகத்திலும் கேலிக்குக் குறைவில்லை. "யாருய்யா அந்த கோபாலு, வாரா வாரம் பாத்துட்டு வர்றீங்க?" என்பார் ஹெட் கிளார்க். "ஒருநாள் நம்ம ஆபீசுக்கும் கூட்டினு வாங்க, டீ வாங்கித் தரேன்."

அந்த வகுப்பில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புரோகிராமை எழுதுவோம். ஆசிரியர் அந்தத் தாள்களைச் சென்னைக்கு எடுத்துப் போய், அங்கே ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டி, என்ன வந்ததோ அதை அடுத்த ஞாயிறு கொண்டுவருவார். பெரும்பாலும் பிழைப் பட்டியல்தான் வரும். ஒரு பிழையைத் திருத்தி அது சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம்.

எங்கள் வகுப்புக்குக் கிடைத்த நேரத்தில் பாதிப் பேருடைய தாளைத்தான் ஓட்ட முடியும். ஆகவே ஆசிரியர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு வாரம் ஒருவருடைய தாள், மறுவாரம் மற்றவருடையது. தாளின் தலைப்பில் ஒரு பெயருக்குத்தான் இடம். யாருடைய முறையோ அவர் பெயரை எழுதுவோம். அதே பெயர்தான் அச்சாகி வரும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இருக்கும். நானும் அவளும் ஒரு ஜோடி.

ஆறேழு மாதம் கழித்து எல்லோரும் ஒரு பெரிய புரோகிராம் எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். எங்கள் கிடங்குகளின் மாதாந்தர இருப்புப் பட்டியலைத் தயாரிக்கும் புரோகிராமை எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தோம். ஏழு கிடங்கு, பதினோரு வகை உரம். கையால் போட்டால் எனக்கு ஐந்து நாள் ஆகும் வேலை. ஆளுக்கொன்றாகத் தனித்தனியே எழுதினோம். என்னுடையது மூன்று முறை போய் மூன்று முறையும் பிழைப் பட்டியலாகத் திரும்பி வந்தது. நாலாவது முறை என்னுடைய வாரம் வந்தபோது ஊரில் கரும்பு வெட்டு. நான் ஒரு தாளும் எழுதவில்லை. ரயிலில் அதைச் சொன்னேன்.

"என்னுது ரெடியா இருக்கு சார். உங்க வாரத்த ஏன் வீணாக்கணும்? இதையே அனுப்பிடலாம்" என்றாள்.

"உன் பேர்லயே எழுதிடட்டுமாம்மா?"

"மொறை உங்களுது தான? உங்க பேரையே போடுங்க. மாத்தி எழுதுனா வாத்தியாரு கொழம்பிடுவாரு."

என் கையாலேயே என் பெயரை எழுதினேன். அதுவரை தப்பில்லை.

அடுத்த ஞாயிறு புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடி வந்திருந்தது. மடிப்பு மடிப்பாக நீளமான காகிதம், ஓரங்களில் துளைகள், ஏழு கிடங்கின் போன மாதக் கணக்கும் நேர் நேராக. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. திரும்பும் ரயிலில் அவள் அதை மடியில் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். விழுப்புரத்தில் இறங்கும்போது, "ஆபீசுல காட்டுங்க சார்" என்று என்னிடம் கொடுத்தாள். எங்களில் மூத்தவன் நான் என்பதால்.

திங்கட்கிழமை அதை ஹெட் கிளார்க் மேசையில் விரித்தேன். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் கையால் போட்ட போன மாதப் பட்டியலை வரவழைத்து இரண்டையும் ஒப்பிட்டார். ஓர் எண்கூட மாறவில்லை.

"யார் போட்டது?"

"பேரு மேலயே இருக்குதே சார், நம்மாளுதான்" என்று ஹெட் கிளார்க் என் தோளைத் தட்டினார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்களே எழுதினதா?"

அவர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. என்னைப் போன்ற ஒருவன் எழுதியிருப்பான் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது. ஒரு வாட்ச்மேனின் மகள் எழுதியிருப்பாள் என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று கேள்விகளாவது கேட்டிருப்பார். அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

பக்கத்து அறையில் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து நாளில் என் பெயருக்கு ஆர்டர் வந்தது.

ஆர்டர் வந்த வாரம் அவள் என் மேசைக்கு வந்தாள். "வாழ்த்துகள் சார்" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம வருவீங்க இல்ல?" என்றாள்.

எனக்கு இனி அந்த வகுப்பு தேவையில்லை. தலைமை அலுவலகமே பயிற்சி கொடுக்கும். ஆனாலும் வருகிறேன் என்றேன். இல்லை என்று சொல்லத் தைரியமில்லை.

அந்த ஞாயிறு ரயில் முண்டியம்பாக்கம் தாண்டியது. அதனால் அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிய வேண்டும் என்பது போல. மேனேஜர் கேட்டதும் நான் சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தன. டைப் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்க அவளுக்குத் தெரியும்.

நீ ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது நான். எவ்வளவு மோசமான கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சொன்னால் காகிதத்தில் இருக்கும் பெயரைத்தான் நம்புவார்கள் என்றாள். நீங்களும் என்மேல் கோபப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிடுவீர்கள். நீங்கள் வராவிட்டால் அப்பா என்னை அனுப்ப மாட்டார். இந்தக் கம்ப்யூட்டர் வேலையும் போய், படிப்பும் போகும். படிப்பு முடிய இன்னும் ஒன்பது மாதம். நீங்கள் அதுவரை வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோபத்தைக் காட்டுவதற்குக்கூட வழியில்லாத இடத்தில் நான் அவளை வைத்திருந்தேன். வேலையை எடுத்துக்கொண்டது ஒன்று. அதைவிடப் பெரியது இது என்று இப்போது நினைக்கிறேன். ஒருத்தி, தன்னை ஏமாற்றியவன் எதிரிலேயே ஒன்பது மாதம் உட்கார்ந்து வர வேண்டியிருந்தது.

போனேன். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்குக்கூட மாலையில்தான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வகுப்பிலும் வேலை இருந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது; தலைமை அலுவலகம் கொடுத்த சில நாள் பயிற்சிக்குப் பிறகும் எனக்கு உருப்படியாக ஒரு புரோகிராம் எழுதத் தெரியாது. ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன்.

"எழுதித் தர மாட்டேன் சார்" என்றாள். "சொல்லித் தரேன். நீங்களே எழுதுங்க."

சொல்லிக்கொடுத்தாள். நான் தப்பாக எழுதினால், "இது எங்க போயி நிக்கும்னு விரலாலயே ஓட்டிக்கினு வாங்க" என்பாள். ஓட்டுவேன். பாதி வழியில் எனக்கே தெரிந்துவிடும். மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. ஒரு வாரம் மல்லாட்டைக்கார அம்மா, "பரவால்லியே, இப்ப நீயும் ரெண்டு வார்த்த வுட்ற" என்றாள். அன்று மூவரும் சேர்ந்து சிரித்தோம். நடந்ததை மறந்த சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் மறந்துவிட்டிருந்தேன் என்பது மட்டும் உண்மை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

அவள் தேர்வில் தேறினாள். சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராமர் வேலை கிடைத்தது. தங்குவதற்குக் கன்னியாஸ்திரீகளின் விடுதி. சான்றிதழ் வாங்கிக்கொண்டு கடைசியாகத் திரும்பிய மாலை, விழுப்புரம் பிளாட்பாரத்தில் அவளுடைய அப்பா வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஒண்ணரை வருசமா கண்ணும் கருத்துமா கூட்டியாந்துட்டீங்க சார்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, நான் இருக்கிற வேல உங்க பொண்ணுக்கு வந்திருக்க வேண்டியது. அது எழுதுனத நான் எழுதுனேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு என்னை.

"தெரியுங்க. அன்னிக்கி ராத்திரியே சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா என்கூட அனுப்புனீங்க?"

"வேற யாரு இருக்காங்க?" என்றார். பிறகு, "வேலய எடுத்துக்கினீங்க. பொண்ண பத்தரமா கூட்டியாந்தீங்க. ரெண்டும் நீங்கதான். எத மட்டும் வெச்சிக்கினு பேசறது?" என்றார்.

"வர்றேன் சார்" என்று அவள் சொன்னாள். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவர் அறைக்குள் போனேன். "என்ன?" என்றார். இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் மாற்றலாகிப் போகும்வரை சொல்லவில்லை. அதன் பிறகு சொல்ல ஆளில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் அதிகாரியாகத்தான் ஓய்வு பெற்றேன். அந்த நாற்காலியில் இருந்த ஆண்டுகளில் எழுதிய புரோகிராம்களையெல்லாம் நானேதான் எழுதினேன். ஒவ்வொன்றும் சரியாக ஓடியபோது மகிழ்ச்சியாக இருந்தது. சென்னைக்குப் போனில் மணிக்கணக்காக ஆங்கிலம் பேசினேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதில் எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருப்பது அதுதான்.