கரி படாத நெல்

திருத்துறைப்பூண்டிப் பள்ளி ஒன்றில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் யூதர்களைக் கொன்று குவித்தபோது அக்கம்பக்கத்தார் எப்படிச் சும்மா இருந்தார்கள் என்று ஆவேசமாகக் கேட்டேன்.

ஒரு மாணவி எழுந்தாள். என் ஊர்க்காரி. அவள் பிறக்கும் முன்பே கூலித் தகராறில் எரிக்கப்பட்ட தெரு அவளுடையது.

"சார், எங்க தெருவைக் கொளுத்தினப்ப உங்க வீட்டுல என்ன செஞ்சாங்க?"

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. வாசலில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. அலறல் கேட்டது. "கரி பறந்து வருது, நெல்லை அள்ளுடா" என்றாள் அம்மா.

"நெல்லை அள்ளிக்கிட்டிருந்தோம்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "அது எங்க ஆளுங்க அறுத்த நெல்லுதானே சார்?"

தலையாட்டினேன்.

ஒரு மணியில்கூடக் கரி படவில்லை என்று அம்மா அன்று என்னை மெச்சினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மட்டும் வகுப்பில் சொல்லவில்லை.