கியர் ஆடுன வண்டியில மாமன் சீர்

என் வேனுக்குக் கியர் தரையில இல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழ இடது பக்கமா ஒரு கம்பி நீட்டிக்கிட்டிருக்கும், அதான் கியர். அருப்புக்கோட்டையில சேரு, பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுறவன் நான். இந்தப் பழைய வேன்தான் எனக்குச் சோறு போடுது. அந்தக் கம்பியில ஒரு வசதி, பை மாட்டலாம். தூக்குவாளி, தண்ணி பாட்டிலு, ரசீது புக்கு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு அதுலயே தொங்க விட்டு வருஷக்கணக்கா ஓட்டுனேன்.

கம்பி சும்மா இருக்குமா? ஆட ஆரம்பிச்சிருச்சு. ரெண்டாவது கியரத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பின்னால வர்ற பஸ்ஸு ஆரன் அடிச்சே காதைக் கிழிச்சிரும். மெக்கானிக் பாத்துட்டு, "ஏண்ணே, இது கியரா, உங்க வீட்டு ஆணியா? கீழ கம்பியைப் பிடிச்சு வச்சிருக்கிற ரப்பர் புஷ்ஷு பூராம் தேஞ்சு போச்சு. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க"ன்னான்.

"முகூர்த்த மாசம் முடியட்டும்டா"ன்னு சொன்னேன். என் பொழப்புல அது எந்த மாசம்தான் முடியுது?

இப்படி இருக்கையிலதான் தங்கச்சி மகளுக்குச் சடங்கு வந்துச்சு. தங்கச்சி வீடு திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு கிராமம். மூணு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தைச் சொன்னா சிரிப்பீக. என் மக கல்யாணப் பத்திரிகையில அவ வீட்டுக்காரர் பேரு விட்டுப்போச்சு. அச்சடிச்சவன் தப்புன்னு சொன்னேன். "வாசிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது யாரு?"ன்னு கேட்டா. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்குமா, "பேருதான பெருசு உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன். அதோட சரி.

சடங்குக்குச் சொல்ல, தங்கச்சி வீட்டுக்காரர் மாப்பிள்ளைதான் வெத்தல பாக்கோட வந்தாரு. என் பொண்டாட்டிகிட்ட விவரம் சொன்னாரு, என் முகத்தைப் பாக்கலை. பத்தரை மணி வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள தாய்மாமன் மாலை போடணும். வரலைன்னா எங்க சித்தப்பா மகன் போடுவான், அவனும் மாமன் முறைதான். இந்த ஒரு மாலையும் போச்சுன்னா எனக்கும் என் தங்கச்சிக்கும் இனி ஒண்ணுமே இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ராத்திரி பூராம் தூக்கம் வரலை.

எட்டரைக்கே கிளம்பிட்டோம். முன்னால நானும் என் பொண்டாட்டியும், பின்னால பித்தளை அண்டா, பட்டுச்சேலை, பழத்தட்டு, மாலை. பாதி தூரத்துல, சுத்திலும் கருவேலங்காடா இருக்கிற இடத்துல, மூணுல இருந்து ரெண்டுக்கு மாத்துறேன், கம்பி தொபுக்குன்னு என் முழங்கால் மேல விழுந்துச்சு. வண்டி உருண்டு போயி நின்னுருச்சு.

"நான் அப்பவே சொன்னேன்"ன்னா பொண்டாட்டி.

"எப்ப சொன்ன?"

"தெனமும்தான் சொன்னேன்."

வெள்ள வேட்டியோட வண்டிக்கு அடியில படுத்தேன். புஷ்ஷு நொறுங்கி, பின்னு எங்கயோ விழுந்து, கியர் பெட்டிக்குப் போற இரும்புக் கம்பி அனாதையாத் தொங்குது. என் ரப்பர் செருப்புக் குதிகாலைக் கத்தியால வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, புஷ்ஷு மாதிரி திணிச்சேன். பின்னுக்குப் பதிலா அவ கொண்டை ஊசி.

"லிவரை உன் பக்கம் இழு... மேல தூக்கு... ஏ, மேலன்னா மேல!"

"நீங்க படுத்துக்கிட்டுச் சொல்ற மேல எனக்கு எங்கிட்டுன்னு தெரியலை. கத்துனீக, நான் மாலையை எடுத்துட்டுப் பஸ்ஸுல போயிருவேன்."

செய்யக்கூடியவதான். மேலன்னா கூரைப் பக்கம்னு மெதுவாச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல கியரு விழுந்துச்சு. சந்தோசத்துல ஒத்தைச் செருப்போட வண்டிய விரட்டுனேன். அந்த விரட்டுல தங்கச்சி தெருவைத் தாண்டிப் போயிட்டேன்.

மணி பத்து இருவது. திருப்பணும்னா ரிவர்ஸ் எடுக்கணும்.

"சீர் வண்டிய பின்னால எடுக்கக் கூடாதுங்க"ன்னா அவ.

உண்மைதான். எங்க பக்கம் நல்ல காரியத்துக்குப் போற வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு முன்னாலதான் உருளணும். வாடகைக்குப் போற வீட்டுல எல்லாம் இதுக்குச் சட்டம் பேசுற ஆளே நான்தான். "ஒரு முழம் எடுத்துத் திருப்பிக்கிறேன், சாமி கோவிக்காது"ன்னு ரிவர்ஸ் போட்டேன். கீழ செருப்புத் துண்டு பிதுங்கித் தெறிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. கியரு ரிவர்ஸ்லயே மாட்டிக்கிச்சு. ஆட்டுனேன், குத்துனேன், கெட்ட வார்த்தையில திட்டுனேன். அசையலை. இறங்கித் தூக்கிட்டுப் போகலாம்னா அத்தனை சீருக்கும் நாலு பேரு வேணும்.

வர்றது வரட்டும்னு சன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு, பின்னாலயே ஓட்டுனேன். தெருவுக்குள்ள பின்பக்கமா நுழையிறேன், மேளக்காரங்க வாசிக்கிறதை நிறுத்திட்டாங்க. பந்தல்ல இருந்த சனம் பூராம் எந்திரிச்சு நின்னு சிரிக்குது. எனக்கு மானம் போச்சு.

ரிவர்ஸ்ல ஒரு வண்டி வந்தா நம்ம ஆம்பளைகளால சும்மா நிக்க முடியுமா? கூட்டத்துல இருந்து ஒருத்தர் ஓடி வந்து வண்டியோட பின்பக்கத்தைப் பட்டு பட்டுன்னு தட்டுறாரு. "வரலாம், வரலாம்... பந்தக்கால் இருக்கு, ரைட்டுல ஒடிங்க மச்சான்... இன்னும் ஒடிங்க... ஆங், போதும் போதும்!"

மாப்பிள்ளை.

வண்டிய நிறுத்துன பெறகுதான் யாருகிட்டப் பேசிட்டோம்னு அவருக்கு உறைச்சிருக்கு. தட்டுன கையை அப்படியே வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. நானும் முழிக்கிறேன். என் வேட்டி பூராம் கிரீஸு. "என்ன மச்சான் இது கோலம்?"னாரு.

"கியரு மாப்ள"ன்னேன்.

அவரே கதவைத் திறந்து அண்டாவைத் தோள்ல தூக்கிட்டாரு. உள்ள சித்தப்பா மகன் மாலையோட நிக்கிறான். தங்கச்சி வாசலுக்கு வந்தா. "கையைக் கழுவிட்டு வந்துர்றேன்"ன்னேன் யாருகிட்டன்னு இல்லாம.

"நேரம் ஆச்சுண்ணே. அப்படியே போடு"ன்னா.

போட்டேன். வெள்ளை மல்லிகையில என் பெருவிரல் கறுப்பாப் பதிஞ்சிருச்சு. மருமக குனிஞ்சு பாத்துச் சிரிச்சா. நான் துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். தங்கச்சி என் கையைப் பிடிச்சு நிறுத்துனா. பிடிச்ச கையை விடலை. "இத்தனை நாளு ஏண்ணே வரலை?"ன்னு கேட்டு, அத்தனை பேரு முன்னாலயும் அழுதுட்டா.

நானும் அழுதேன்.