யோகன் அண்ணை ஏற மறுத்த நீட்டுக் கார்

யோகன் அண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை, மில்லிக்கன் பகுதியில் உள்ள தன் வீட்டில், தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்... நான் செய்தியாளராக இருந்த தமிழ் வார இதழில் கார்ப் பக்கம் எழுதியவர். அமெரிக்கக் கார்களைத் திட்டுவதற்கென்றே ஒரு பக்கம் கேட்டு வாங்கியவர்.

பின்பக்கம் துடுப்பு முளைத்த அந்தக் காலத்துக் கார்களில்தான் தொடங்கினார். "மீனுக்குத் துடுப்பு நீந்த. உதுக்கு என்னத்துக்கு? ஃபோர்-ஓ-வன் ஹைவேயில நீந்தவோ?" என்று என்னைக் கேட்டார். ஏதோ நான்தான் வரைந்து கொடுத்தது போல.

ஒவ்வொரு வருடமும் விளக்கையும் பம்பரையும் மாற்றிவிட்டுப் புது மொடல் என்று விற்பதைப் பற்றி அவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். "இவர்கள் காரை ஓடுவதற்கு விற்கவில்லை. அடுத்த வருடம் அதைப் பார்த்து நீங்கள் வெட்கப்படுவதற்கு விற்கிறார்கள்."

அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க அமெரிக்கக் கார் விற்கும் கடையின் விளம்பரம். ஒருநாள் கடைக்காரர் போன் எடுத்துக் கத்தினார். அடுத்த மாதம் அவரே குழைந்தார்: "அவரைத் தொடர்ந்து எழுத விடுங்கோ. அவர் ஏசிற காரைத்தான் சனம் வந்து கேக்குது."

அண்ணையிடம் இதைச் சொன்னேன். அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை.

அவர் என்ன கார் வைத்திருந்தார் என்று கேட்பீர்கள்... பக்கமெல்லாம் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய, நீளமான அமெரிக்க ஸ்டேஷன் வாகன்.

"எதிரியை வீட்டில வைச்சுத்தான் படிக்கவேணும்" என்பார். அவருடைய மனைவி மலர் அக்கா பல வருடம் அந்த எதிரியில்தான் மரக்கறி வாங்கப் போய்வந்தார். கடைசியில் பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்புத் தின்று இரும்பு போயிற்று. மரம் போகவில்லை.

பிறகு மலர் அக்காவின் தம்பி குகன், மார்க்கம் நகரில் வீடு வாங்கிய கையோடு, பெரிய பிக்கப் ட்ரக் ஒன்று வாங்கினார். கோயில் பார்க்கிங்கில் பூசை. நானும் நின்றேன்.

குகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலே உட்கார்ந்திருக்கிறார். அண்ணை பக்கத்தில் நின்று கேட்கிறார்: "குகன், ஐயர் எங்க நிக்கிறார், சொல்லு பாப்பம்?"

"பின்னுக்குத் தேங்காய் எடுக்கப் போயிட்டார் போல, அத்தான்."

ஐயர் பொனற்றுக்கு நேர் முன்னால் குனிந்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கேட்டது: "தம்பி, முதல்ல எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை எடுத்து இஞ்ச தாரும்."

"இவ்வளவு உயரத்துக்கு மூக்கு வைச்சவங்கள், முன்னுக்கு நிக்கிற மனிசனைப் பாக்கிறதுக்கு ஒரு வழி வைக்கேல்ல" என்றார் அண்ணை. குகன் அத்தானுடன் அடுத்த தைப்பொங்கல்வரை பேசவில்லை. பிக்கப்பையும் விற்கவில்லை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணைக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்காதது பிரேதம் ஏற்றும் அந்த நீட்டுக் கறுப்புக் கார். அதன் பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். குதிரை வண்டிக் காலத்தில் கூரையை மடக்க உதவிய கம்பி. இப்போது கூரை மடங்காது. கம்பி மட்டும் வருகிறது.

"இரும்புக் கூரைக்கு மடக்குக் கம்பி! செத்தவன் எழும்பிக் கேக்கமாட்டான் எண்ட துணிவு" என்பார். தன்னை அதில் ஏற்றக்கூடாது என்று மலர் அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீர் ரிப்போட்டர்தானே. வேற வாகனம் இருக்கோ எண்டு விசாரிச்சுச் சொல்லும்."

விசாரித்தேன். ஸ்காபரோ முதல் மிசிசாகாவரை எல்லா ஃபியூனரல் ஹோமிலும் அதே நீட்டுக் கார், அதே கம்பி. ஒரே ஒரு இடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் எடுத்து வருகிற வெள்ளை வான் ஒன்று இருந்தது. யப்பான் வான். சவப்பெட்டியும் கொள்ளும் என்றார்கள்.

குகன் குதித்தார். "அத்தானைப் பார்சல் மாதிரி வானில ஏத்தப்போறியளோ? சனம் என்ன கதைக்கும்? அதுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை!"

"அவர் இனி என்னத்தை எட்டிப் பாக்கப்போறார்?" என்றார் அக்கா.

"செத்தவருக்கு என்ன கார் எண்டு தெரியவோ போகுது, அக்கா?"

"எனக்குத் தெரியும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசமா அவர் சொன்னதைக் கேட்டு இந்தக் குடும்பத்தில ஒருத்தரும் ஒரு கார் வாங்கேல்ல. நானும் கேக்கேல்ல, அந்த மர வாகனை நான்தான் ஆசைப்பட்டு வாங்குவிச்சனான். உது ஒண்டையாவது கேப்பம், தம்பி."

எதிரியை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியவந்தது. அண்ணை ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

குகன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "வானுக்கு அந்தக் கம்பி இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப சரி. இருந்தா மனுசன் எழும்பிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கம் நகரில் இறுதிக் கிரியை. தகனத்துக்குப் போகும்போது முன்னால் போவது ஒரு வெள்ளை வான். குழாய் திருத்துகிறவரின் வான் என்று நினைத்து யாரும் முந்தவேண்டாம், ஹோர்ன் அடிக்கவேண்டாம்... உள்ளே இருப்பது அண்ணை.

குகனின் பிக்கப் கடைசியில் வரும். அது அக்காவின் கட்டளை.

போய்வாருங்கள், யோகன் அண்ணை. வான் நல்ல வான். நான் சுற்றிப் பார்த்துவிட்டேன், தேவையில்லாதது ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.